எழுதித் தருபவருக்கும் ஓர் இடம் வேண்டும்

தூத்துக்குடியில் பிறருக்காக எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர்கள் பெருகி வருகிறார்கள். கப்பல் முகவர்களுக்கு அறிக்கை, ஆலைகளுக்குப் பாதுகாப்புக் கையேடு, மீனவர் சங்கத்துக்குக் கோரிக்கை மனு, கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் மலர் என்று வேலை பலவிதம். நிரந்தரச் சம்பளம் கிடையாது. எழுதி முடித்தால் கூலி. 2024 பிப்ரவரியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்கும் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. தொழில் வளர வளர இந்த எழுத்தின் தேவையும் கூடும். அந்த எழுத்து தெளிவாக அமைவது யாருடைய பொறுப்பு என்பதை நாம் சேர்ந்து யோசிக்க வேண்டிய நேரம் இது.

இந்தக் கரைக்கு இது புதிய தொழிலும் அல்ல. 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சானபோது, அதைத் தமிழாக்கிய அன்றீக் அடிகளார் முத்துக்குளித்துறையில் வாழ்ந்தவர். அச்சுக்குப் பொருள் தந்தவர்கள் இங்குள்ள பரதவர்கள். தங்களுக்கு வேண்டிய எழுத்துக்கு ஒரு சமூகமே செலவு செய்த முன்மாதிரி நம்மிடம் இருக்கிறது.

இன்று இந்த எழுத்தின் கனம் மிக அதிகமாகத் தெரியும் இடம், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய திட்டம் ஒன்று வரும்போது, 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி வரைவு அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. முழு அறிக்கை பல நூறு பக்கம், ஆங்கிலத்தில். ஆகவே சங்கு குளிப்பவரும் உப்பளத் தொழிலாளியும் கையில் எடுக்கக்கூடியது அந்தத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றுதான். கழிவுநீர் எங்கே விடப்படும், கடலடிப் பாறைத் திட்டான எந்தப் பாருக்கு மேல் கப்பல் பாதை போகும், கரைவலை இழுக்கும் இடம் மிஞ்சுமா என்பதையெல்லாம் அவர்கள் அதிலிருந்தே அறிய வேண்டும். அது புரியாத தமிழில் இருந்தால், கூட்டம் சட்டப்படி நடந்திருக்கும். மக்கள் கலந்துகொண்டதாக ஆகாது. 2018 மே மாதம், ஓர் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு 13 உயிர்களைப் பறிகொடுத்த ஊர் இது. நல்ல மொழிபெயர்ப்பு அதைத் தடுத்திருக்கும் என்று சொல்வது பேதைமை. ஆனால் ஆலையும் ஊரும் ஒன்றையொன்று நம்புவதற்குத் தெளிவான எழுத்து ஒரு தொடக்கம் என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. அவர்களுக்குக் கெடு இருக்கிறது. ஓர் எண் பிசகினாலும் வழக்கு வரும். தொழில் இரகசியத்தையும் காக்க வேண்டும். மீனவ ஊர்களின் சந்தேகமும் நியாயமானதே: கம்பெனியிடம் பணம் வாங்கி எழுதுகிறவர் கம்பெனிக்காகத்தானே எழுதுவார் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்கோ, நூறு பக்கத்துக்கு இரண்டு நாள் அவகாசம், கூலிக்கு மூன்று மாதக் காத்திருப்பு. ஊர்க்காரர்களாகிய நாமும் இதில் விலக்கல்ல. “நம்ம ஊர்ப் பிள்ளைதானே” என்று விழா மலரையும் மனுவையும் இலவசமாகவே எழுதி வாங்கிப் பழகிவிட்டோம். பந்தல்காரருக்கும் மைக்செட்டுக்கும் முன்பணம் கொடுக்கிற நாம், எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு சால்வையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சட்டம் சில வழிகளைத் திறந்தே வைத்திருக்கிறது. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்ட எழுத்தாளருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, முடித்துக் கொடுத்த வேலையை நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் வட்டியும் கேட்கலாம். பணியாளராக இல்லாமல் தனித்து எழுதுபவர் தம் பதிப்புரிமையை மாற்றித் தருவதானால் அது கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு பக்க ஒப்பந்தம் இருதரப்புக்கும் காப்பு.

மீதியை நாமே செய்துகொள்ள முடியும். தமிழ்ச் சுருக்கம் அச்சுக்குப் போகும் முன், ஒரு நாட்டுப்படகு மீனவரும் ஓர் உப்பளத் தொழிலாளியும் அதைப் படித்துப் பார்க்க நிறுவனம் இடம் தரலாம். இரகசியம் எதுவும் கெடாது; அது எப்படியும் ஊருக்குப் போகப்போகிற தாள்தான். யார் தமிழாக்கியது, யார் சரிபார்த்தது என்று கடைசிப் பக்கத்தில் அச்சிடலாம். பெயர் இருந்தால் எழுதுபவருக்குப் பொறுப்பு கூடும், படிப்பவருக்கு நம்பிக்கை வரும். நம் கல்லூரிகளின் தமிழ்த் துறையும் மீன்வளக் கல்லூரியும் சேர்ந்து மாணவர்களுக்கு இந்த எழுத்தில் பயிற்சி தரலாம். எழுதுபவர்களும், புரியாத இடத்தைப் பூசி மெழுகாமல், பொறியாளரிடம் மறுபடி கேட்கும் பழக்கத்தைக் கைவிடாதிருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய அரசாணை தேவையில்லை. அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் சுருக்கம் தயாராகும்போதே தொடங்கலாம். அந்த வேலையைத் தரப்போகிற நிறுவன மேலாளர்களும், அதைப் படிக்கப்போகிற ஊர்க் கமிட்டியினரும் இப்போதே ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். எழுதப்போகிறவரையும் அந்தப் பேச்சுக்கு அழையுங்கள்.