பட்டம் கொடுத்தது போதும், புத்தகத்தைக் கொடுங்கள்

பாடசாலை அதிபரின் தோளில் இராணுவ நட்சத்திரத்தைக் குத்திவிட்டு, அதற்குக் கல்வி என்று பெயர் சூட்டும் போக்கை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அதைவிட வன்மையாகக் கண்டிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இராணுவத்தைப் பற்றிப் படித்து, கற்பித்து, எழுதிவைத்தவர்களின் உழைப்பை இந்நாட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கும் அலட்சியம் அது. இரண்டுக்கும் பாதுகாப்பு அமைச்சும் கல்வி அமைச்சும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும்.

இதை லக்கலயை முன்வைத்துப் பேசுகிறோம். இரத்தோட்டையைத் தாண்டி, றிவர்ஸ்டன் மேட்டில் ஏறி, பிட்டவல பத்தனையைக் கடந்து, இலுக்கும்புர வழியாக இறங்கினால் வரும் மாத்தளை மாவட்டத்து ஊர் அது. அதன் பழைய பல்லேகம நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. 2018 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய நகரத்தில்தான் இப்போது கடைத்தெருவும் அலுவலகங்களும் இருக்கின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நூலகத்தை விட்டால் வேறு நூலகம் எளிதில் இல்லை. ஊர் பெரும்பாலும் சிங்களம் பேசுவது. மலைச்சரிவில் ஏலக்காயும் தேயிலையும் போட்ட காலத்திலிருந்து மாத்தளை மாவட்டத்தில் தமிழும் பேசப்பட்டே வருகிறது. இரு மொழிப் பிள்ளைகளும் இந்த விடயத்தில் ஒன்றாகத்தான் ஏமாற்றப்படுகிறார்கள்.

மலையகத்துக் கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றில் மாணவர் படையணிப் பரிசோதனை நடக்கும் காலையை எண்ணிப் பாருங்கள். பித்தளைப் பட்டிக் கொளுக்கியைப் பிராசோ போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளைகளின் விரல் நுனி கறுத்திருக்கும். சப்பாத்தில் முகம் தெரியும். படையணிக்குப் பொறுப்பான ஆசிரியர் வெயிலில் நின்று அணியை நேராக்கிக்கொண்டிருப்பார். பிற்பகலில் அவரே பத்தாம் வகுப்புக்கு வரலாறும் எடுக்க வேண்டும். அந்த ஆசிரியரின் உழைப்பை நாம் மதிக்கிறோம். அவர் கற்றுக்கொடுக்கும் ஒழுங்கும் பிள்ளைகளுக்குத் தேவைதான். ஆனால் ஒரு பிள்ளை அவரிடம், "சேர், எங்க நாட்டுப் படையோட வரலாற்றை யாரு எழுதியிருக்காங்க?" என்று கேட்டால், எடுத்துக்கொடுக்க அவரிடம் எந்த நூல் இருக்கிறது? பிராசோ வாங்கக் காசு ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு அந்த நூலை வாங்கக் காசு ஒதுக்கத் தெரியவில்லை.

நூல் இல்லாமல் இல்லை. இலங்கை இராணுவத்துக்கு இலங்கையர் ஒருவர் முதன்முதலில் தளபதியானது 1955 பெப்ரவரியில். அவர் அன்ரன் முத்துக்குமாரு, தமிழர். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்தவர், சட்டம் பயின்றவர். 1949இல் இராணுவச் சட்டத்தின் கீழ் படை உருவானபோது தலைமை ஏற்றவர் பிரித்தானியரான கெய்த்னெஸ் பிரபு. அவருக்குப் பின் வந்தவரும் பிரித்தானியரே. மூன்றாவதாக வந்த முத்துக்குமாரு 1959 இறுதிவரை அப்பதவியில் இருந்தார். 1958இல் நாடு இனக் கலவரத்தில் எரிந்து, அவசரகால நிலை பிரகடனமாகி, படை தெருவுக்கு இறங்கியபோது அதன் தளபதி ஒரு தமிழர் என்பது இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓய்வுக்குப் பின் வெளிநாடுகளில் தூதராகவும் பணியாற்றிய அவர், பழைய அரசர்களின் படை முதல் தம் காலம் வரையான இலங்கையின் இராணுவ வரலாற்றைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதினார். 1987இல் அது வெளிவந்தது புதுடில்லியிலிருந்து, நவரங் பதிப்பகத்தின் வெளியீடாக. ஒரு நாட்டின் முதல் சுதேசத் தளபதி தன் படையின் வரலாற்றை எழுதுகிறார். அதை அச்சிட அடுத்த நாட்டின் தலைநகரம் வரை போக வேண்டியிருந்தது. வேறொரு நாட்டில் இப்படி ஒரு நூல் இருந்திருந்தால், படை அலுவலர் பயிற்சிக்கு வரும் ஒவ்வோர் இளைஞனின் பெட்டியிலும் அது இருந்திருக்கும். இங்கே அந்தப் பெயரே விழா நாட்களில்கூட எழுவது அரிது.

மாத்தளைக்கு வருவோம். இந்த மாவட்டம் படையைப் பார்த்த மாவட்டம். படையினர் எழுதிய நூல்களுக்கும் களமான மாவட்டம். 1804இல் மட்டக்களப்பிலிருந்து முந்நூறு பேரளவில் அழைத்துக்கொண்டு கண்டிக்குள் நுழைந்தவர் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன். மேலிடத்துக் கடிதம் ஒன்றைப் புரிந்துகொண்டதில் ஏற்பட்ட குழப்பத்தால், வேறு எந்தப் படைப்பிரிவும் வராத கண்டியில் தான் மட்டும் நிற்பதை அவர் கண்டார். திருகோணமலை வரை அடிபட்டுப் பின்வாங்கினார். 1810இல் அதை அவரே நூலாக எழுதினார். வெற்றியை எழுதப் பலர் உண்டு. வழி தவறியதையும், பசியையும், காயப்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல ஆளில்லாமல் திணறியதையும் எழுதிய நூல் அது. இராணுவக் கல்வி என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அடுத்த தலைமுறையில் 78ஆவது ஹைலண்டர் படைப்பிரிவின் மேஜர் ஜோனதன் ஃபோர்ப்ஸ் மாத்தளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். 1831இல் சிகிரியாவைத் தேடிப் போய்ப் பார்த்து, இலங்கையில் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்ததை 1840இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இருவரும் ஏகாதிபத்தியத்தின் ஊழியர்கள். நம் மக்களை அவர்கள் பார்த்த பார்வையில் நமக்கு நூறு சண்டை உண்டு. ஆனால் சண்டை பிடிக்க வேண்டுமானாலும் அந்த நூல் மாணவனின் மேசையில் இருக்க வேண்டும்.

1848 கிளர்ச்சியையும் இங்கே நினைக்க வேண்டும். கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்ற பிரித்தானிய அரசு, மாத்தளையில் இராணுவ ஆட்சியை நடத்தியது. கப்டன் வாட்சனின் கையொப்பத்தோடு வெளியான பிரகடனங்களைப் பற்றி இலண்டன் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஆளுநர் டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். மாத்தளையில் ஒரு படை அலுவலர் எழுதிய தாளுக்கு அந்நிய அரசே பதில் சொல்ல வேண்டியிருந்தது. சுதந்திர இலங்கையிலோ, 2012 இறுதியிலிருந்து மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்களே முரண்பட்டார்கள். விடயம் அப்படியே கிடக்கிறது. தன் சொந்த நடவடிக்கைகளை ஆராய்ந்து எழுதத் துணியாத படைக்கு எத்தனை கல்லூரி கட்டிக்கொடுத்தாலும் அது அறிவு நிலையம் ஆகாது.

அரசு இந்தத் துணிவை வளர்த்ததா? இல்லை. நேர்மாறான வழியில் போனது. 2011 மே மாதம், பல்கலைக்கழகம் புக இருந்த மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பி மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி என்றது. அந்தப் பாடத்திட்டத்தின் வரலாற்றுப் பகுதி பெரும்பான்மைச் சமூகத்தின் மரபை மட்டுமே தேசிய மரபாகக் காட்டுகிறது என்று பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தது. திருத்தம் வந்ததா? அடுத்து, 2013இல், தேசியப் பாடசாலை அதிபர்களுக்கு ரந்தம்பையில் இராணுவப் பயிற்சி. அவர்களுக்கு 'பிரெவெட் கேர்ணல்' என்ற கௌரவத் தரம். முப்பது ஆண்டு கரும்பலகை முன்னால் நின்று உழைத்த அதிபருக்கு அதிபர் என்ற பெயர் போதாதாம். அவர் கேர்ணல் ஆனால்தான் மதிப்பாம். ஆசிரியத் தொழிலை இதைவிட வெளிப்படையாக யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஒரு பாடசாலையில் கட்டளை இடுபவர் ஒருவர், கேள்வி கேட்பவர்கள் ஆயிரம் பேர் என்று இருக்க வேண்டும். தோளில் நட்சத்திரம் ஏறியதும் கேள்வி கேட்பவன் ஒழுங்கு மீறியவன் ஆகிவிடுகிறான்.

2021இல் நடந்ததை மறக்க முடியாது. ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் படை அலுவலர்களுக்கான கல்விக்கழகமாக நிறுவப்பட்டது. 1988இல் பட்டம் வழங்கும் தகுதி பெற்றது. இரத்மலானை, கந்தவலவில் இருக்கும் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. பணம் கட்டிப் படிக்கும் சிவில் மாணவர்களையும் பின்னாளில் சேர்த்துக்கொண்டது. அதன் அதிகாரத்தை விரிக்கும் சட்டமூலம், படைத்தரப்பே மேலோங்கிய ஆளுநர் சபையோடு, நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவரப்படவிருந்தபோது ஆசிரியர் சங்கங்கள் வீதிக்கு வந்தன. ஜூலை 8ஆம் திகதி நாடாளுமன்றச் சுற்றுவட்டத்தில் கைது செய்யப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் பிணை வழங்கியது. அப்படியும் அவர்களைத் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் பொலிஸார் ஏற்றிச் சென்றார்கள். இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் கொண்டுபோகப்பட்ட இடம் முல்லைத்தீவு கேப்பாப்பிலவு விமானப்படை முகாம். இராணுவக் கல்வி பற்றிக் கேள்வி கேட்ட ஆசிரியருக்கு அரசு கொடுத்த பதில் முகாம். எதிர்ப்பின் வேகத்தில் சட்டமூலம் நின்றது. அதைக் கொண்டுவந்த மனப்பாங்கு நிற்கவில்லை.

இராணுவக் கல்விக்கு நாம் எதிரிகள் அல்லர். படை இருக்கும் நாட்டில் அதன் அலுவலர்கள் படித்தவர்களாக இருப்பதே குடிமக்களுக்குப் பாதுகாப்பு. பெர்லின் போர்க் கல்லூரியின் தலைவராக 1818 முதல் இருந்த கிளாஸ்விட்ஸ் எழுதிக்கொண்டிருந்த நூலை, அவர் இறந்தபின் 1832இல் வெளியிட்டவர் அவர் மனைவி மரீ. போர் அரசியலின் கருவி என்று தெளிவாகச் சொன்ன அந்த நூலை உலகின் இராணுவக் கல்லூரிகள் இன்றும் படிக்கின்றன. பிரித்தானியாவின் சாண்ட்ஹர்ஸ்டில் 1960 முதல் இருபத்தாறு ஆண்டு போர் வரலாறு கற்பித்தவர் ஜோன் கீகன். சிறுவயது நோயால் கால் பாதிக்கப்பட்டுப் படையில் சேர முடியாமல் போனவர். 1976இல் அவர் எழுதிய நூல், மூன்று பெரும் போர்க்களங்களில் சாதாரணச் சிப்பாய் என்ன கண்டான், எப்படிச் செத்தான் என்று சொன்னது. தளபதிகளின் வரைபடத்திலிருந்து போர் வரலாற்றைச் சேற்றுக்குள் இறக்கியவர் அந்தச் சிவில் ஆசிரியர். சீருடை அணியாத ஒருவர் தங்கள் மாணவர்களிடம் அதைச் சொல்ல அந்தக் கல்லூரி இடம் கொடுத்தது. இலங்கையின் பழைய அலுவலர் பலர் பயின்ற கல்லூரிதான் அது.

நம் நாட்டுப் படைக்குள்ளேயே 1962இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதில் ஈடுபட்டவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விரிவாக ஆராய்ந்து 1980இல் நூல் எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஹொரோவிட்ஸ். நம் தளபதிகள் ஓய்வுபெற்றதும் போர் நினைவு நூல்கள் எழுதுகிறார்கள். 2016இல் மேஜர் ஜெனரல் கமல் குணரத்ன எழுதிய நந்திக்கடல் நூல் பெரிதாகப் பேசப்பட்டது. வென்றவர் எழுதட்டும், அது அவர் உரிமை. ஆனால் போரின் இறுதி நாட்களில் நந்திக்கடல் கரையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரின் வாக்குமூலமும், சிப்பாயாகப் போய்க் காலிழந்து லக்கல போன்ற ஊர்களுக்குத் திரும்பிய இளைஞனின் வாக்குமூலமும் அதே வகுப்பறையில் படிக்கப்படாதவரை, பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் நடப்பது பாதி வரலாறுதான். வடக்கு கிழக்கைப் பற்றிக் கற்பிக்கும் கல்விக்கூடத்தில் வடக்கு கிழக்கின் மொழியில் எழுதப்பட்டவற்றை வாசிக்காமல் எந்த அறிஞர் உருவாவார்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். முத்துக்குமாருவின் நூலைப் பாதுகாப்பு அமைச்சு தன் செலவில் சிங்களத்திலும் தமிழிலும் பதிப்பித்து, மாணவர் படையணி இயங்கும் பாடசாலைகள் அனைத்துக்கும், முதலில் லக்கல போன்ற பின்தங்கிய பிரதேசங்களின் பாடசாலைகளுக்கு, அனுப்ப வேண்டும். ஜோன்ஸ்டனும் ஃபோர்ப்ஸும் மாத்தளையையும் கண்டியையும் பற்றி எழுதியவற்றை, மறுப்புக் குறிப்புகளோடு, பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இரு மொழியிலும் கொண்டுவர வேண்டும்; அச்சுச் செலவு கல்வி அமைச்சினுடையது. அதிபர்களுக்கு இராணுவத் தரம் கொடுக்கும் வழக்கம் இனி இல்லை என்று சுற்றறிக்கை வர வேண்டும். 2011 பயிற்சியின் வரலாற்றுப் பகுதி தவறானது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கொத்தலாவல பல்கலைக்கழகத்தில் சிவில் மாணவர் படிக்கும் பீடங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மேற்பார்வைக்குள் வர வேண்டும். அங்கு கற்பிப்பவர்கள், சீருடையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாம் கண்டறிந்ததைத் தடையின்றி வெளியிட உரிமை பெற வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்காவது பணம் இல்லை என்று சொல்ல அரசுக்கு வாய் இல்லை. போர் முடிந்து இத்தனை ஆண்டு கழிந்தும் வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கான ஒதுக்கீடு பெரிய தொகைகளில் ஒன்றாகவே இருக்கிறது. குழுநிலை விவாதத்தில் அந்த அமைச்சின் செலவினத் தலைப்பு எடுக்கப்படும் நாளில், மாத்தளை மாவட்டத்து உறுப்பினர்கள் எழுந்து இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். சிங்கள உறுப்பினர் கேட்டால் இன்னும் நல்லது. அமைச்சர் பதிலை எழுத்தில் சபையில் சமர்ப்பிக்கட்டும். அதன் தமிழ்ப் பிரதியும் அதே நாளில் மேசைக்கு வர வேண்டும்.