பையன் மேல பழி போடாதீங்க, லேபிளைப் படிங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நம்ம ஆலயக் கூரையில இருந்த வயர்லெஸ் ரேடியோ எரிஞ்சு போச்சு. தண்ணீர்மலைக்குப் போற வழியில நாம போடுற தண்ணீர்ப் பந்தலோட கேமரா அது வழியாத்தான் ஆலயத்துக்கு வரும். படி ஏற முடியாத பாட்டிமார்கள் பார்க்கிற நேரலையும் அதுலதான். கடைசியா கை வச்சவன் தொண்டர் படைப் பையன். அதனால குற்றவாளியும் அவன்தான்னு கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க. பையன் இப்ப கோயில் பக்கமே வர்றதில்ல.

நடந்தது என்னன்னு சொல்றேன். இந்த ரேடியோவுக்குத் தனி பவர் வயர் கிடையாது, ஈத்தர்நெட் கேபிள்லயே கரண்டும் போகும். பிஓஇ என்பாங்க. நம்மது பழைய ரகம், 24 வோல்ட் பாசிவ். கேபிளுக்குள்ள 4, 5 கம்பியில பாசிட்டிவ், 7, 8ல நெகட்டிவ். நிர்வாகம் புதுசா வாங்கின சுவிட்ச் 802.3ஏஎஃப் தரநிலை, 2003ல வந்தது. அது 48 வோல்ட் பக்கம் கொடுக்கும், ஆனா எடுத்த எடுப்புல கொடுக்காது. முதல்ல சின்னதா வோல்டேஜ் அனுப்பி, அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் தடை இருக்கான்னு பார்க்கும். இருந்தாத்தான் முழு கரண்டு. 2009லயும் 2018லயும் வந்த பெரிய தரநிலைகளும் இப்படிக் கேட்டுத்தான் கொடுக்கும். நம்ம ரேடியோவுல அந்த அடையாளம் இல்ல. சுவிட்ச் கரண்டு விடல, ரேடியோ பிழைச்சது.

பிறகுதான் கூத்து. கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதான்லா, இதைப் போடுங்க"ன்னு 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர் ஒண்ணைக் கொடுத்தார். அது எதையும் கேட்காது, செருகினா கரண்டுதான். நம்ம ஆளுங்க வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க, பையன் செருகினான். வேற என்ன செய்வான்?

"அவன் படிச்சுப் பார்த்திருக்கலாமே" என்கிறார் ஒரு பொறுப்பாளர். ஐயா, காசு கொடுத்து வாங்கினவர் படிச்சாரா? மடப்பள்ளியில உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் ஒரே மாதிரி இருந்தா, மேல எழுதி ஒட்டாதவங்களைக் கேப்பீங்களா, சர்க்கரைப் பொங்கல் கிளறினவனைக் கேப்பீங்களா? தயாரிக்கிறவங்களும் பெட்டி மேல பெருசா பிஓஇன்னு போட்டுட்டு, வோல்ட்டை எறும்பு சைஸ்ல அடிக்கிறாங்க. எல்லாத்துக்கும் ஒரே பிளக் வேற.

என் தப்பும் இருக்கு. பழைய 24 வோல்ட் இன்ஜெக்டர் மேல நான் எதுவும் எழுதி வைக்கல, சுவிட்ச் வந்த அன்னிக்கு அதைப் பழைய சாமானோட தூக்கிப் போட்டுட்டாங்க. ஏஎஃப் கரண்டை வாங்கி 24 வோல்ட்டா மாத்திக் கொடுக்கிற சின்ன கன்வெர்ட்டர் கடையில விக்குது. அது ஒண்ணு இருந்திருந்தா நன்கொடைப் பணத்துல இன்னொரு ரேடியோ வாங்க வேண்டியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல இதைத் திரும்பப் பேசணும். கூட்டக் குறிப்புல பையன் பேர் இருக்கு, அதை எடுக்கணும். எரிஞ்ச ரேடியோவையும் அந்த இன்ஜெக்டரையும் நான் கொண்டு வர்றேன். ரெண்டு லேபிளையும் தலைவரே எல்லார் முன்னாலயும் படிக்கட்டும்.