சயனைடு மேட்டில் மண் வெட்டும் முன்: பணிப் பாதுகாப்புப் பகுப்பாய்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

கோலார் தங்கவயலில் மறுபடியும் வேலை தொடங்கும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் 13 கழிவு மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. ஏறத்தாழ 1,000 ஏக்கரில் மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் மண் அது. சயனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் என்பதால், ஊரில் அதற்குப் பெயர் சயனைடு மேடு.

முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்த எங்கள் அமைப்பு இந்தத் திட்டத்தை எதிர்க்கவில்லை. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் வேலை வேண்டும். அந்த வேலை அவர்கள் நுரையீரலைத் தின்னக் கூடாது.

எங்கள் நிலைப்பாடு இது: மேடுகளில் நடக்கப்போகும் ஒவ்வொரு வேலையையும், அதைச் செய்யப்போகிறவரோடு உட்கார்ந்து, படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் உள்ள ஆபத்தையும் அதற்கான தடுப்பையும் எழுதி முடிக்க வேண்டும். அந்தத் தடுப்புகள் இடத்தில் அமைந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். இதற்குப் பெயர்தான் பணிப் பாதுகாப்புப் பகுப்பாய்வு.

தங்கவயல் கற்ற பாடம்

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். பாறையைக் கம்பியால் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே அது கெட்டியா பொள்ளலா என்று சொல்லிவிடும் ஆட்கள் எங்கள் தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளில் இருந்தார்கள். அந்த அறிவு காதிலும் கையிலும் இருந்தது. காகிதத்துக்கு வரவில்லை. அவர்கள் போகப் போக அதுவும் போய்க்கொண்டிருக்கிறது.

பாறை வெடிப்பைக் குறைக்க வழிகள் இங்கேயே கண்டறியப்பட்டன. 1912-இலேயே நில அதிர்வுக் கருவி வைக்கப்பட்டது. மரத் தாங்கல்களுக்குப் பதிலாகக் கருங்கல் சுவர்களும் பிறகு கான்கிரீட்டும் வந்தன. 1978-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு நில அதிர்வுக் கண்காணிப்பு வலையமைப்பு அமைந்தது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இந்த ஊரில்தான் தோன்றியது. "பார்த்து வேலை செய்" என்று தொழிலாளியை எச்சரிப்பதோடு நிற்காமல், வேலை செய்யும் முறையையே மாற்றியதால் வந்த பலன்கள் இவை.

தூசி விஷயத்தில் அந்த விழிப்பு வர வெகுகாலம் ஆயிற்று. 1940-க்கும் 1946-க்கும் இடையே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல், சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இருந்தது. பாறை விழுந்தால் அன்றே சங்கு ஊதும், கணக்கில் ஏறும். தூசி பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வீட்டுத் திண்ணையில் மூச்சுத் திணற வைக்கும். எந்த ஷிப்ட் புத்தகத்திலும் அது விபத்தாகப் பதிவாகாது. அதனால்தான் அடிபடுவதை மட்டும் பார்க்கும் பகுப்பாய்வு தங்கவயலுக்குப் போதாது என்கிறோம்.

ஒரு வேலையைப் பிரித்துப் பார்ப்போம்

மேட்டின் அடியில் மண்ணை வெட்டி டிப்பரில் ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலை. பிரித்தால் குறைந்தது நான்கு படிகள்.

முதல் படி, வெட்டும் முகத்தைப் பார்வையிடுவது. மழை அரித்த பள்ளங்களும் உச்சியில் விரிசல்களும் இருக்கலாம். பக்கத்திலேயே பழைய சுரங்கக் குழி இருக்கலாம். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, தகுதியுள்ளவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இயந்திரம் உள்ளே போக வேண்டும்.

இரண்டாம் படி, வெட்டுவது. அடியை மட்டும் குடைந்தால் மேற்பகுதி சரிந்து ஓட்டுநரை மூடும். மேலிருந்து படிக்கட்டு போல இறக்கி வெட்டினால் அந்த ஆபத்தின் வேரே அறுபடும்.

மூன்றாம் படி, ஏற்றுவது. பின்னால் வரும் டிப்பர் ஆளை இடிக்கும். கொட்டும் மண் தூசியாகும். வண்டிப் பாதையும் ஆள் நடக்கும் பாதையும் தனித்தனியாக இருக்க வேண்டும். மண்ணை நனைத்து ஏற்ற வேண்டும். ஓட்டுநர் அறை அடைப்பாகவும் காற்று வடிகட்டியோடும் இருக்க வேண்டும்.

நான்காம் படி, கொண்டுபோவது. தார்ப்பாய் மூடாத ஒரு டிப்பர் போதும், வேலைக்கே வராத குழந்தைகளின் மூச்சிலும் தூசி ஏறிவிடும்.

மேட்டின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் பயப்படுவது சயனைடுக்கு. வெயிலிலும் காற்றிலும் பல ஆண்டு கிடந்த சயனைடு பெருமளவு சிதைந்துபோகும். மாவாக அரைபட்ட சிலிக்கா சிதையாது. சயனைடு ஆபத்து புதிதாக வருவது, மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் ஆலைக்குள்: கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தி வைக்காவிட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு பிரியும். தொட்டியைக் கழுவ ஆள் இறங்குவது இன்னொரு தனி வேலை. அதற்குத் தனிப் பகுப்பாய்வு வேண்டும். அதன் முதல் கேள்வி, ஆள் இறங்கத்தான் வேண்டுமா என்பதாக இருக்கட்டும்.

அலசிய கழிவைத் தேக்கும் இடமும் ஆபத்தாகலாம். தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்பிரைட் குடியிருப்பை ஒட்டியிருந்த தங்கச் சுரங்கக் கழிவு அணை 1994-இல் உடைந்து 17 பேரைக் கொன்றது. அதே நாட்டின் யாகர்ஸ்ஃபோன்டெய்னில் 2022-இல் உடைந்தது, பழைய வைரச் சுரங்கக் கழிவை மறுபடி அலசிய திட்டத்தின் அணை. இங்கும் மேடுகளை ஒட்டியே வீடுகள் இருக்கின்றன. அலசி முடித்த மண்ணை எங்கே, எப்படிக் கொட்டுவது என்பதும் பகுப்பாய்வுக்குள் வர வேண்டும்.

நாங்கள் கோருவது

1. பகுப்பாய்வைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஷிப்ட் தொடங்கும் முன் வாசித்துக் காட்ட வேண்டும்.

2. ஒப்பந்தத் தொழிலாளியும் அந்த மேசையில் உட்கார வேண்டும். அவர் செலவிடும் நேரத்துக்குக் கூலி உண்டு.

3. தடுப்புக்கு ஒரு வரிசை உண்டு: ஆபத்தை நீக்குவது, குறைந்த ஆபத்துள்ளதாக மாற்றுவது, இயந்திர ஏற்பாட்டால் அடைப்பது, வேலை முறையை ஒழுங்குபடுத்துவது, கடைசியில்தான் முகமூடியும் கையுறையும். முகமூடியைக் கொடுத்துவிட்டு முதல் நான்கையும் தாண்டிப்போகும் பகுப்பாய்வை ஏற்கமாட்டோம்.

4. வேலையில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை செய்து, அறிக்கையைத் தொழிலாளி கையில் தர வேண்டும். வேலையை விட்ட பிறகும் பரிசோதனை தொடர வேண்டும்.

5. இயந்திரமோ பருவமோ முறையோ மாறினால், சிறு விபத்து நேர்ந்தால், மயிரிழையில் தப்பினால்கூட, பகுப்பாய்வைத் திருத்த வேண்டும்.

6. எழுதியபடி தடுப்பு இல்லையென்றால் வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். உயிராபத்து என்று தொழிலாளி முறையிட்டு, அது உண்மையென்று முதலாளிக்குத் தெரிந்தால் உடனே சரிசெய்வது அவர் கடமை என்கிறது 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு. முறையிட்டவரின் கூலியோ வேலையோ பறிபோகாது என்ற எழுத்துப்பூர்வ உறுதியை நாங்கள் கேட்கிறோம்.

எதிர்வாதத்துக்கு எங்கள் பதில்

இதெல்லாம் காகித வேலை, உற்பத்தி தாமதமாகும் என்பார்கள். அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து நூறு வேலைக்கும் ஒரே படிவத்தை நிரப்பினால் அது காகித வேலைதான். அதை நாங்களும் எதிர்க்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த மண் இன்னும் சில வாரம் கிடந்தால் தங்கம் கரைந்துபோகாது. அந்தச் சில வாரங்களில் எழுதப்படுவது ஒரு தலைமுறையின் மூச்சைக் காக்கும்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நாங்கள் ஒதுங்கமாட்டோம். கீழே இறங்கி வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். எந்தப் பக்கம் பழைய குழி, எந்த மேட்டில் மழைநீர் எப்படி அறுத்துக்கொண்டு ஓடும், எந்த மாதக் காற்று தூசியை எந்த லைனுக்குக் கொண்டுபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். திட்டத்தை ஏற்று நடத்தப்போகிறவர்கள் முதல் பகுப்பாய்வுக் கூட்டத்துக்கு அவர்களை அழைக்கட்டும். பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் கையைப் பிடித்து நாங்கள் அழைத்து வருகிறோம்.