சூடேறிய எண்ணெய்

கல்லடிப் பாலத்தின்மீது மாலைவேளையில் நிற்போர் வாவியில் விரையும் இயந்திர வள்ளங்களைக் கண்டிருப்பர். வள்ளத்தின் பின்புறத்தே பூட்டிய அவ்வியந்திரம் வாவிநீரையே உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்து, அந்நீரை மீண்டும் வாவியிலே விட்டுச் செல்கிறது. கொடுத்துவைத்த இயந்திரம்! தெருவில் ஓடும் மோட்டார் வண்டிக்கு வாவி ஏது?

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் பழைய மொறிஸ் மைனர் வண்டியொன்றைத் தம் வீட்டு முற்றத்திலே வைத்துப் புதுக்கினார். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்த அவ்வண்டி இன்றும் நம் வீதிகளில் ஓடக் காண்கிறோம். அமெரிக்க இளைஞர் பழைய போர்ட் வண்டிகளுக்கு வலிய இயந்திரம் பூட்டி 'ஹொட் றொட்' என்று பெயரிட்டனர். நம்மவர் மொறிஸ் மைனருக்குள் யப்பானிய இயந்திரத்தை வைக்கின்றனர். இவரோ ஒட்டோமற்றிக் கியர்ப்பெட்டியையும் சேர்த்தே வைத்தார்.

அப்பெட்டியிலிருந்து இரு குழாய்கள் நீண்டிருந்தன. அவற்றைச் சேர்க்க மொறிஸின் றேடியேற்றரில் இடமில்லை. துண்டு ஹோஸ் ஒன்றினால் இரு முனைகளையும் இணைத்துவிட்டார். ஊருக்குள் வண்டி நன்றாகவே ஓடிற்று. ஒருநாள் செங்கலடியிலிருந்து பதுளைக்குப் புறப்பட்டவர் லுணுகலை ஏற்றத்திலே நின்றுபோனார். செந்நிற எண்ணெய் கறுத்துத் தீய்ந்து நாறியது. இரண்டாண்டுச் சேமிப்பு!

நடந்தது யாது? இவ்வகைப் பெட்டியில் இயந்திரத்தின் வலுவைச் சில்லுகளின் பக்கம் கொண்டுசெல்வது எண்ணெயே. ஒரு விசிறி எண்ணெயை வீச, எதிரேயுள்ள மற்றொன்று சுழல்கிறது. இரண்டாவது சற்றே பின்தங்கும். அவ்வாறு வீணாகும் வலு முழுவதும் சூடாகிறது. ஏற்றத்தில் இப்பின்தங்கல் மிகும். ஆகவேதான் யப்பானிய வண்டியின் றேடியேற்றருக்குள்ளேயே எண்ணெய் குளிர்வதற்கும் ஒரு வழி அமைத்திருந்தனர். இவர் மூடியது அவ்வழியை. எண்ணெய்க்கு ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் உகந்த சூடு. அதற்குமேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறையாளர் கணக்கு.

மறுமுறை தனிக் கூலர் ஒன்று வாங்கி, காற்று முதலில் படுமாறு றேடியேற்றருக்கு முன்னே சட்டத்தில் இறுக்கினார். றேடியேற்றரின் மெல்லிய தகடுகளில் துளையிட்டுத் தொங்கவிடுவோரும் உளர், அது தவறு. தண்ணீர் ஹோஸும் இதற்கு ஆகாது. சூடான எண்ணெயில் ஊதிக் கழன்றுவிடும். எண்ணெய்க்கென்றே செய்த ஹோஸை இட்டார். பழைய குழாய்களைக் கழுவாமல் பூட்டியிருந்தால், எரிந்த தகடுகளின் பொடி புதுப்பெட்டியையும் கெடுத்திருக்கும். அதனை நான் வற்புறுத்த வேண்டியிருந்தது. இளைஞருக்குக் கழுவும் வேலை என்றால் கசப்புத்தானே!

கூலரும் எண்ணெய் குடிக்கும் என்பதை இருவருமே மறந்திருந்தோம். வண்டியைச் சூடேற்றி, இயந்திரம் ஓடும்போதே அளவுகோலை இழுத்துப் பார்த்தபோது மட்டம் குறைந்திருந்தது. அரைப் போத்தல் ஊற்றினார். அடுத்த ஞாயிறன்று மீண்டும் பதுளைக்குப் புறப்பட்டார். பின் ஆசனத்தில் நானும் இருந்தேன்.