விதியா? விளக்கமா?

கொள்ளிடக் கரையிலே உள்ள திருமழபாடியின் பெயரைச் சொன்னதும் தேவாரம் என்பார் சிலர். நந்தி திருமணம் என்பார் பலர். அந்த ஊர்க் கோயிலின் சுவர் சொல்லும் வேறொரு செய்தியை எடுத்துரைப்பார் மிகச் சிலரே! பழைய விமானத்தை இடித்துப் புதிதாய்க் கட்ட ஆணையிட்ட முதலாம் இராசராசன், இடிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டிலே படியெடுக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரிலே மீண்டும் பொறிக்கப்பட்டன. கல் பெயர்ந்தது, எழுத்து பிழைத்தது!

கல்வெட்டுக்குப் படியெடுப்பு போதும். கொடுத்தவர் யார், நிலம் எவ்வளவு என்ற கணக்கு மாறாதிருந்தால் போதும். கல்விக்கு அது போதுமா? போதும் என்று எண்ணித்தானே நம் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் புகட்டப்படுகிறது! நூலிலிருந்து கரும்பலகைக்கு, கரும்பலகையிலிருந்து குறிப்பேட்டுக்கு, குறிப்பேட்டிலிருந்து விடைத்தாளுக்கு! வழியிலே எங்கும் அறிவு குறுக்கிடுவதில்லை. பொருளறியாது மந்திரம் முணுமுணுப்பவனைக் கண்டு நகைக்கிறோம். பொருளறியாது இலக்கண விதி முணுமுணுப்பவனுக்கு மதிப்பெண் வழங்குகிறோம். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

மாணவன் மீது பழி போடாதீர், நூலைப் பாருங்கள். வெள்ளையர் ஆட்சியில் நெஸ்பீல்டு இலக்கணம் கோலோச்சியது. 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய நூல் வந்தது. திருத்திய பதிப்புகளாக இன்றும் விற்கிறது. பயிற்சிகள் நிறைந்த நூல்தான்; மறுக்கவில்லை. ஆனால், ஆங்கிலம் அறியாதவனுக்கு ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே அது விளக்குகிறது. திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ‘திறந்து பார்’ என்பதா கல்வி?

பானையில் சோறு, மேசையில் புத்தகம், பேருந்து நிறுத்தத்தில் நண்பன். தமிழிலே மூன்றுக்கும் ‘இல்’ ஒன்றே. ஆங்கிலமோ ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று மூன்று கேட்கிறது. தமிழில் பெயருக்குப் பின்னே நிற்பது, அங்கே முன்னே நிற்கிறது. நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. அவர்களுக்கு இரண்டும் ‘வீ’. ‘எனக்கு இரண்டு தங்கைகள்’ என்று வினைச்சொல் இல்லாமலே நாம் முடிப்போம். அவர்களுக்கு ‘ஹேவ்’ வேண்டும். தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் இவை! இவற்றைச் சுட்டாத நூல் எப்படி அவனுக்கு வழிகாட்டும்?

தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டுப் பாடம் அமைக்க வேண்டும் என்று அமெரிக்க மொழியியலறிஞர் இராபர்ட் லேடோ 1957இல் நூலே எழுதினார். எல்லாப் பிழைகளையும் ஒப்பீட்டால் முன்னறிய முடியாது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின, உண்மை. அதற்காக, அறியக்கூடிய பிழையையும் அறியாதிருப்பதா?

இரு நூற்றாண்டுகட்கும் முன்பே இந்த உண்மையை உணர்ந்தவர், திருமழபாடிக்கு அருகே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தார். இத்தாலியர் பெஸ்கி, நம் வீரமாமுனிவர்! தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்குத் தமிழிலக்கணத்தை எந்த மொழியில் எழுதினார்? இலத்தீனில்! அவரது கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. மதம் பரப்ப வந்தவர் அவர். அந்த நோக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆனால், கற்பவனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் சென்ற முறையைப் பாராட்டத் தயங்கோம். ஐரோப்பியனுக்குக் கிடைத்த அந்த உரிமை, அரியலூர்ச் சீமையின் உழவன் மகளுக்கு ஏன் இல்லை?

‘ஆங்கிலத்தை ஆங்கிலத்தால்தான் கற்க வேண்டும்’ என்பர் சிலர். வீட்டிலே ஆங்கிலம் ஒலிக்கும் பிள்ளைக்கு அது எளிது. கரும்பு வயலிலிருந்து வரும் பிள்ளைக்கு அதுவே வேலி! வேறு சிலரோ, ‘விதி என்றால் விதி, கேள்வி கேட்காதே’ என்பர். கேட்போம்! முன்னிடைச் சொல்லில் வாக்கியம் முடியலாகாது என்றொரு விதி. 1672இல் கவிஞர் டிரைடன் கிளப்பிய குறை அது. ஆங்கிலேயர் நாள்தோறும் மீறும் விதி. இலக்கணத்திலும் மூடநம்பிக்கை உண்டு தோழர்களே! மொழி எப்படி வழங்குகிறது என்று ஆய்ந்து சொல்லும் மொழியியலே அதற்கு மருந்து. ஏழு தொகுதிகளில் ஆங்கில இலக்கணம் வகுத்த எஸ்பெர்சன் ஆங்கிலேயரல்லர், டென்மார்க்குக்காரர். அயல்மொழியை ஆராய அயலானுக்கும் தகுதி உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1968இல் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமும் என்று முழங்கினோம். முழக்கம் தீர்மானமாயிற்று, பாடம் ஆயிற்றா? ஆங்கிலம் சிலர் வீட்டுச் சொத்தாகவே இருக்குமானால், பழைய வேதத்தின் இடத்திலே புதிய வேதம் ஒன்று அமர்ந்ததாகத்தானே பொருள்!

ஆகவே, பல்கலைக் கழகங்களின் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் மொழியியல் துறையும் கூடி அமரட்டும். தமிழ் மாணவனுக்கெனத் தமிழில் விளக்கும் ஆங்கில இலக்கணம் ஆக்கட்டும். அதுவரை காத்திராதீர், இளைஞர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாலை ஒரு மணி நேரம் அமருங்கள். பிள்ளைகள் செய்யும் பிழைகளைத் தொகுங்கள். ஏன் நேர்ந்தது என்று தமிழில் எழுதுங்கள். விதியைத் தராதீர்கள், விளக்கத்தைத் தாருங்கள். ‘ஏன்’ என்று கேட்கக் கற்ற பிள்ளைக்கு எந்த மொழியும் எட்டாக் கனியன்று!