கடைசிப் பாட்டையும் கேளுங்க!

குட்டீஸ்! அந்தக் காலத்தில் ஒரு கேசட் வாங்கினால் படத்தின் எல்லாப் பாட்டும் ஒன்றாகக் கிடைக்கும். இப்போது பாட்டு கம்பெனிகள் 'சிங்கிள்' என்று ஒவ்வொன்றாக வெளியிடுகின்றன. '3' படம் வந்தது 2012 மார்ச்சில். அதன் 'கொலவெறி' பாட்டு 2011 நவம்பரிலேயே வந்துவிட்டது!

சட்டென மனதில் ஒட்டுகிற பாட்டை முதலில் விடுவார்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வரவேற்பு இருந்தால் அடுத்தது வரும், இல்லாவிட்டால் நிறுத்திக்கொள்வார்கள். இது வியாபாரக் கணக்கு; தப்பில்லை. ஆனால், நமக்குப் பிடித்த பாட்டையும் அவர்களே முடிவு செய்யலாமா?

அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் 1982ல் வெளியிட்ட 'த்ரில்லர்' ஆல்பத்தில் மொத்தம் 9 பாட்டுகள். அவற்றில் 7 சிங்கிளாக வந்தன. கடைசியாக வந்தது எது தெரியுமா? 'த்ரில்லர்' பாட்டேதான்! இன்றும் உலகம் முழுவதும் அதற்கு ஆடுகிறார்கள். ஆறோடு நிறுத்தியிருந்தால்?

வல்லத்தில் ஏறி திண்டிவனத்தில் இறங்கும்வரை பஸ்சில் ஹிட் பாட்டே திரும்பத் திரும்ப ஓடலாம். ரசியுங்கள். வீட்டுக்கு வந்ததும், அதே படத்தில் யாரும் போடாத பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். உங்கள் பாட்டு அங்கே ஒளிந்திருக்கலாம்!