பக்கவாதம் வந்தவருக்கு ‘ஒரு வாய் தண்ணி’ கொடுக்கலாமா? சிகிச்சைக்குப் பிறகு நிமோனியா வருவது ஏன்?

பக்கவாத சிகிச்சை முடிந்து மூன்றாவது நாள். கை லேசாக அசைகிறது, பேச்சும் கொஞ்சம் திரும்புகிறது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில் திடீரென காய்ச்சல், சளி, மூச்சுவாங்கல். “தலையிலதானே பிரச்னை, நெஞ்சுல எப்படி சளி கட்டுச்சு?” என்பதுதான் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி.

பதில் தொண்டையில் இருக்கிறது.

கட்டி போனாலும் சிக்கல் ஏன்?

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயை கட்டி அடைப்பதால் வருவது ‘இஸ்கெமிக் ஸ்ட்ரோக்’. பக்கவாதங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். பெரிய குழாயில் அடைப்பு என்றால் கதீட்டர் மூலம் கட்டியையே எடுக்கிறார்கள். தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரை இதைச் செய்யலாம்.

ஆனா, ரத்த ஓட்டம் திரும்பியதுமே எல்லாம் பழையபடி ஆகிவிடாது. குறிப்பாக விழுங்கும் திறன். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிரமம் இருக்கும்.

புரை ஏறினால் என்ன ஆகும்?

சாப்பிடும்போது புரை ஏறினால் “யாரோ நினைக்கிறாங்க” என்று தலையில் தட்டுவோம். உண்மையில், மூச்சுக்குழாய்க்குள் போனதை வெளியே தள்ளத்தான் உடம்பு இருமுகிறது. பக்கவாதம் வந்தவருக்கு இந்த இருமலே வராமல் போகலாம். தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எச்சில்கூட இப்படி இறங்கலாம். அதோடு வாயில் உள்ள கிருமிகளும் போகும். பக்கவாதத்துக்குப் பிறகு நோய் எதிர்ப்பு சக்தியும் தற்காலிகமாகக் குறைவதால், முதல் ஒரு வாரத்தில் நிமோனியா எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. வயதானவர்கள், கடுமையான பாதிப்பு உள்ளவர்கள், மயக்க நிலையில் இருப்பவர்கள், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தால்?

நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. ஆனால் நெதர்லாந்தில் சுமார் 2,500 பேரிடமும், பிரிட்டனில் 1,200-க்கும் அதிகமானோரிடமும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான இரண்டு முடிவுகளும் சொன்னது ஒன்றுதான்: நிமோனியா குறையவில்லை.

அப்போ எதுதான் உதவும்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாத சிகிச்சைப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கு நர்ஸ்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் ஒரு முறை வகுத்துக் கண்காணித்தார்கள். 90 நாட்களில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போனவர்கள், வழக்கமான சிகிச்சையில் 58 சதவீதம். இந்த முறையில் 42 சதவீதம். 2011-ல் வெளியான இந்த முடிவுக்கு மூன்றும் சேர்ந்துதான் காரணம், விழுங்கும் சோதனை மட்டுமல்ல. ஆனால் விலை உயர்ந்த மருந்தோ மெஷினோ இல்லாமல், கவனிப்பால் கிடைத்த பலன் இது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• பக்கவாத அறிகுறி தெரிந்ததும் 108-ஐ அழையுங்கள். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்.

• “விழுங்கும் டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். அதுவரை ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வேண்டாம்.

• சாப்பிட அனுமதி கிடைத்ததும் நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். படுத்தபடி ஊட்டவே கூடாது.

• மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தாலும் வாயைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். எப்படி என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• சாப்பிட்டதும் இருமல், தொண்டையில் தண்ணீர் நிற்பது போன்ற ‘கரகர’ குரல், காய்ச்சல், வேகமான மூச்சு இருந்தால் உடனே சொல்லுங்கள்.

“வாய் காயுதே, பாவம்” என்று பாசத்தில் கொடுக்கும் அந்த ஒரு வாய் தண்ணீர்தான் சில நேரம் ஐ.சி.யு. வரை கொண்டுபோய்விடுகிறது. கட்டியை எடுக்கும் வேலை டாக்டருடையது. அதன் பிறகு தொண்டையைக் காப்பதில் பக்கத்தில் இருக்கும் நமக்கும் பங்கு இருக்கிறது.